சேமிப்புக் குழுவில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்: அபராதம் கூட்டலாமா?

கூட்டாதீர்கள், அபராதத்தையே எடுத்துவிடுங்கள். வாரம்தோறும் எல்லோரும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்ற விதியையும் சேர்த்து.

மூன்றாம் மாதமே இருபதில் ஒன்பது பேர் நின்றதற்கு அக்கறையின்மைதான் காரணம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டில், கையில் காசில்லாத வாரம் கூட்டத்துக்கு வரவே கூச்சமாக இருக்கும். நோட்டைப் புரட்டிப் பாருங்கள்: பாக்கி விழுந்த மறுவாரமே ஆள் வரவில்லை என்றால் அதுதான் சங்கதி.

1991-இல் நைஜர் நாட்டில் கேர் (CARE) என்ற உதவி அமைப்பு பெண்களோடு தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய கிராம சேமிப்புக் குழுக்களில் இப்போது வழக்கமான ஏற்பாடு இது: சேமிப்பைப் பங்குகளாகக் கட்டுவார்கள், பங்கின் மதிப்பு சிறியது, கைக்கு ஏற்றபடி ஒருவர் ஒரு கூட்டத்தில் 1 முதல் 5 பங்கு வரை வாங்கலாம். பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவரிடம். பெட்டியை எல்லோர் முன்னிலும்தான் திறப்பார்கள். (சந்தேகம் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.) ஓராண்டு வாக்கில் சேர்ந்த பணத்தைப் பங்குக்கேற்பப் பிரித்துக்கொண்டு மறுபடி தொடங்குவார்கள்.

ஒன்று மட்டும். நின்றவர்களில் வருமானமே இல்லாத வீடு இருந்தால் அவர்களைச் சேமிக்கச் சொல்லாதீர்கள். அவர்களுக்கு முதலில் வேலையோ நேரடி உதவியோதான் தேவை.