டிசம்பரில் உறைந்துபோகும் ஒப்புதல் ஃப்ளோ: மூன்று நிலைகளை எப்படி அமைப்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம். கொள்முதல் கோரிக்கை கிளை மேலாளர், நிதிப் பிரிவு, இயக்குநர் என்று மூன்று பேரைத் தாண்ட வேண்டும். கோரிக்கைகள் ஷேர்பாயின்ட் லிஸ்டில் (மைக்ரோசாஃப்டின் இணையப் பட்டியல்), ஒப்புதல் பவர் ஆட்டோமேட்டில் (வேலைகளைத் தானாக நடத்தும் மைக்ரோசாஃப்ட் கருவி; அதில் அமைக்கும் வேலை வரிசைதான் ஃப்ளோ). மூன்று நிலையும் ஒரே ஃப்ளோவில். டிசம்பரில் போட்ட கோரிக்கைகளுக்கு ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தாலும் அசையவில்லை. எங்கே தப்பு?

பதில்: ஒரு ஃப்ளோ ஓட்டத்தின் ஆயுள் 30 நாள். அது ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக 30 அல்ல, மூன்றுக்கும் சேர்த்து. மேலாளர் 12 நாள், நிதி 10 நாள் எடுத்துக்கொண்டால் இயக்குநருக்கு மிச்சம் எட்டே நாள். டிசம்பர் 10 அன்று தொடங்கியது ஜனவரி 9 அன்று செத்துவிடும். நடுவில் 16, 25, 26, ஜனவரி 1 விடுமுறைகள், பலருக்கு ஆண்டிறுதி மூடல் வேறு. அதன் பிறகு இயக்குநர் பொத்தானை அழுத்தினால் பதில் பதிவாகும். கேட்டுக்கொள்ளத்தான் ஃப்ளோ இருக்காது.

ஆகவே நிலையை ஃப்ளோவுக்குள் வைக்காதீர்கள், லிஸ்டில் வையுங்கள். ‘நிலை’ என்று ஒரு சாய்ஸ் காலம் (கொடுத்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நெடுவரிசை): வரைவு, மேலாளர், நிதி, இயக்குநர், முடிந்தது. ‘அனுப்பியாயிற்று’ என்று ஆம்/இல்லை காலம் ஒன்று. நிலைக்கு ஒரு ஃப்ளோ. ஒவ்வொன்றும் ‘ஐட்டம் உருவானால் அல்லது மாறினால்’ ட்ரிகரில் (ஃப்ளோவைக் கிளப்பிவிடும் நிகழ்வு) தொடங்கும். ட்ரிகர் கண்டிஷன், அதாவது தொடங்குவதற்கான நிபந்தனை, இரண்டு: நிலை என்னுடையதா, அனுப்பியாயிற்று ‘இல்லை’யா. முதல் வேலையாக அதை ‘ஆம்’ ஆக்கிவிட்டுத்தான் ஒப்புதல் கேட்க வேண்டும். ஒப்புதல் வந்ததும் நிலையை அடுத்ததற்கு மாற்றி, ‘இல்லை’ என்று திருப்பி வைத்துவிட்டு முடிந்துபோகும். அடுத்த ஃப்ளோவுக்குப் புதிதாக 30 நாள்.

அந்த இரண்டாவது காலத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். விட்டால், யாராவது குறிப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் மேலாளருக்கு இன்னொரு மெயில் போகும். இன்னொரு பொறி: சாய்ஸ் காலத்தை ட்ரிகர் கண்டிஷனில் ஒப்பிடும்போது அதன் உள்ளே இருக்கும் ‘வேல்யூ’வைக் குறிப்பிட வேண்டும். மறந்தால் ஃப்ளோ பிழைகூடக் காட்டாது. ஓடவே ஓடாது, ரன் ஹிஸ்டரியும் (ஓட்டங்களின் பதிவு) காலியாக இருக்கும்.

ஒப்புதல் ஆக்‌ஷனின் செட்டிங்ஸில் டைம்அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் வரம்பு) 30 நாளுக்குள் நீங்களே வையுங்கள், 10 நாள் போதும். அதை ஐஎஸ்ஓ 8601 வடிவில்தான் எழுத வேண்டும் (10 நாளுக்கு P10D). பிறகு ஃப்ளோவுக்குள் ஒரு கிளைப் பாதை: அது எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் ‘ரன் ஆஃப்டர்’ அமைப்பில் ‘டைம்அவுட் ஆனால்’ என்பதை மட்டும் டிக் செய்து, ஒப்புதலாளர் இடத்தில் பதிலாளைப் போட்டு, அனுப்பியாயிற்றை ‘இல்லை’ ஆக்குங்கள். அதே ஃப்ளோ தானாகவே மறுபடி எழுந்து பதிலாளிடம் கேட்கும். அவுட்லுக்கில் விடுப்பு அறிவிப்பு வைத்திருந்தாலும் ஒப்புதல் தானாக வேறொருவருக்குப் போகாது என்பதால் இது அவசியம். விடுமுறை நாள்காட்டியை நம்பியும் பயனில்லை: தீபாவளி இங்கே அரசு விடுமுறை கிடையாது, ஆனால் அன்றைக்கு உங்கள் நிதிப் பிரிவில் எத்தனை நாற்காலி காலி என்று உங்களுக்கே தெரியும். ஒப்புதலாளர், பதிலாள், தொகை வரம்பு ஆகியவற்றைத் தனி லிஸ்டில் வைத்தால், ஆள் மாறும்போது ஃப்ளோவைத் திறக்க வேண்டியதில்லை.

நிதியில் இருவர் ஒப்ப வேண்டுமானால் ‘எல்லோரும் ஒப்ப வேண்டும்’ வகை. ஒருவர் மறுத்தாலே அது முடிந்துவிடும். முடிவைப் பார்க்க ‘அவுட்கம்’மை (மொத்த முடிவு) எடுங்கள். ‘ரெஸ்பான்சஸ்’ஸிலிருந்து (ஒவ்வொருவரின் பதிலும்) எடுத்தால், அது பட்டியல் என்பதால், ஒவ்வொரு பதிலுக்கும் ஒருமுறை ஓடும் ‘அப்ளை டு ஈச்’ தானாக வந்து சுற்றிக்கொள்ளும். அதற்குள் நிலையை மாற்றினால் இரண்டு முறை மாறும், அடுத்தவருக்கு இரண்டு மெயில். அவுட்கம்மில் வரும் சொல் ‘அப்ரூவ்’. ‘அப்ரூவ்ட்’ என்று ஒப்பிட்டால் எல்லாமே மறுப்புப் பக்கம் போகும்.

தொகை வரம்புக்கு வருவோம். 10 000 ராண்டுக்கு மேல் இயக்குநர் என்றால், வாட் வரி சேர்த்தா சேர்க்காமலா? 15 சதவீதத்தில் அதே பில் 11 500. கொள்கையில் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டு ஃப்ளோவைத் தொடுங்கள். தொகையை எழுத்துக் காலமாக வைக்கக் கூடாது. எழுத்தாக ஒப்பிட்டால் 9500 என்பது 12000ஐவிடப் பெரியது. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் படிவத்திலிருந்து வருவதும் எழுத்தாகத்தான் வரும். நம் ஊர் வழக்கப்படி யாராவது 11 500,00 என்று இடைவெளியும் காற்புள்ளியும் போட்டிருந்தால், எண்ணாக மாற்றும் இடத்தில் ஃப்ளோ விழும். இடைவெளியை நீக்கி, காற்புள்ளியைப் புள்ளியாக்கிய பிறகே மாற்றுங்கள்.

கோரியவரே மேலாளராக இருந்தால் நேரே நிதிக்கு அனுப்புங்கள். இரண்டு மெயில் முகவரியையும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பெரிய எழுத்து கெடுத்துவிடும்.

நிலை லிஸ்டில் இருப்பதால் ஒரு பாதுகாப்பு ஓட்டையும் கூடவே வருகிறது: லிஸ்டைத் திருத்த உரிமை உள்ளவர் யாரும் கையாலேயே ‘முடிந்தது’ என்று போடலாம். ஃபார்மில் அந்தக் காலத்தை மறைப்பது பூட்டு ஆகாது. ஊழியர்களுக்குச் சேர்க்கவும் படிக்கவும் மட்டும் உரிமை கொடுங்கள். திருத்துவது ஃப்ளோ ஓடும் தனிக் கணக்காக இருக்கட்டும். ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கில் ஓட்டினால், அவர் வேலையை விட்டு அந்தக் கணக்கு மூடப்பட்டால் ஃப்ளோவும் படுத்துவிடும்.

தினசரி நினைவூட்டலுக்குத் தனி ஃப்ளோ, ரெக்கரன்ஸில் (குறித்த நேரத்தில் ஓடவைக்கும் ட்ரிகர்) நேர மண்டலம் ‘ஹராரே, ப்ரிட்டோரியா’. அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் காலை 8 மணி மெயில் 10 மணிக்கு வரும். எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை ‘மாடிஃபைட்’ (கடைசியாகத் திருத்திய) தேதியால் கணக்கிடாதீர்கள், எந்தத் திருத்தமும் அதை மாற்றிவிடும். நிலைக்கு வந்த தேதியைத் தனிக் காலத்தில் எழுதிவையுங்கள்.

சோதிக்க 9 999, 10 000, 10 001 என மூன்று கோரிக்கை போடுங்கள். டைம்அவுட்டைத் தற்காலிகமாக ஐந்து நிமிடமாக்கி, யாரும் பதில் சொல்லாமல் விட்டு, பதிலாளுக்கு மெயில் போகிறதா என்று பாருங்கள்.