கடற்கரைக்கு எந்த ஃப்ளை ராடு? – வாசகர் கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். கிருஷ்ணகிரி கேஆர்பி அணையிலும் தென்பெண்ணையிலும் ஜிலேபிக்கும் கெண்டைக்கும் தக்கைத் தூண்டில் போட்டுப் பழக்கம். மாமா ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த 5 வெயிட் ஃப்ளை ராடு ஒன்று இருக்கிறது. அதில் சுமாராக வீச வரும். இப்போது கடலூர், புதுச்சேரி பக்கம் கரையில் நின்றே பாரை, கொடுவா பிடிக்க ஆசை. ‘கடல் என்றால் 12 வெயிட்தான், மற்றதெல்லாம் உடைந்துவிடும்’ என்கிறார் நண்பர். கடைக்காரர் 8 போதும் என்கிறார். இன்னொருவர் இரண்டு கையாலும் வீசும் 11 அடி ராடு வாங்கச் சொல்கிறார். கையில் முப்பதாயிரம் இருக்கிறது. எதை வாங்கலாம்? இருக்கிற 5 வெயிட்டையே வைத்துச் சமாளிக்க முடியாதா? எங்கள் பக்கம் கடல் கிடையாது. வீசிப் பழக என்ன செய்வது?

– வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

9 அடி நீளம், 9 வெயிட், நான்கு துண்டு. ஒரே ஒரு ராடுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதுதான். முகத்துவாரத்திலும் உப்பங்கழியிலுமே பெரும்பாலும் நிற்பீர்கள் என்றால் 8 வாங்கலாம், கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. 12-ஐ மறந்துவிடுங்கள்.

உங்கள் நண்பர் மீனை நினைத்துக்கொண்டு எண் சொல்கிறார். ஃப்ளை ராடின் எண் மீனின் எடையைக் குறிப்பதல்ல, லைனின் எடையைக் குறிப்பது. நீங்கள் அணையில் போடும் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் போகிறது. இதில் தலைகீழ். பறப்பது தடித்த லைன். ஃப்ளை, அதாவது முள்ளில் இறகும் நூலும் கட்டிய செயற்கை இரை, அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது. லைனின் முதல் 30 அடி எத்தனை கிரெய்ன் எடை என்பதை வைத்துத்தான் எண் போடுகிறார்கள். 5 என்றால் 140 கிரெய்ன், அதாவது 9 கிராம். 8 என்றால் 210, 9 என்றால் 240, 10 என்றால் 280, 12 என்றால் 380. ஆக நீங்கள் கேட்க வேண்டியது ‘எவ்வளவு பெரிய மீன்’ என்பதை அல்ல. ‘எவ்வளவு பெரிய ஃப்ளையை, எந்தக் காற்றில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்’ என்பதை.

நம் கிழக்குக் கரையில் பாரைக்கும் கொடுவாவுக்கும் கட்டுவது பெரும்பாலும் 1/0, 2/0 என்ற பெரிய முள்ளில் ஈயக்கண் வைத்த, ‘கிளவுசர்’ என்கிற மாதிரியான ஃப்ளை. நனைந்தால் கனக்கும். 5 வெயிட் லைனால் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பாதி வழியில் தொப்பென்று விழும், இல்லையென்றால் உங்கள் பிடரியில் ஏறும். காற்றில்லாத காலையில் கழிமுகத்தில் 6-ஆம் எண் முள்ளில் சின்ன ஃப்ளை கட்டிக் கிழங்கானுக்கு வேண்டுமானால் அந்த 5 வெயிட் உதவும். ஆனால் ஆற்றுக்கென்று செய்த ராடுகளில் ரீல் உட்காரும் இடத்தில் பெரும்பாலும் மரம் இருக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் அது ஊதிக்கொள்ளும், லைன் ஓடும் வளையங்கள் துருப்பிடிக்கும். மாமா கொடுத்ததை அணைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

12 வெயிட் என்பது படகிலிருந்தும் பவளத்திட்டுகளிலும் பெரும்பாரை, சூரை போன்றவற்றோடு மல்லுக்கட்டச் செய்தது. கரையில் நின்று காலை முழுக்க அதை வீசினால் இரண்டு மணி நேரத்தில் தோள் போய்விடும். தோள் போனால் வீச்சும் போயிற்று. அது உடையாது என்பதும் தவறு. ராடு உடைவதற்கான காரணங்கள் வேறு, பின்னால் சொல்கிறேன்.

இரண்டு கை ராடு கரைக்கு நல்ல கருவிதான். அலைக்கு மேல் லைனைத் தூக்கிப் பிடிக்கலாம், உடம்பு களைக்காது. ஆனால் அதன் எண் வேறு கணக்கு. ‘ஸ்பே’ என்கிற இரண்டு கை ராடு அளவில் 8 என்று போட்டிருக்கும் ராடுக்கு 530 கிரெய்ன் அளவில் லைன் வேண்டும், ஒற்றைக்கை 8-ஐப் போல இரண்டரை மடங்கு. அதற்குப் பொருந்தும் லைன் இங்கே சட்டென்று கிடைக்காது, எண் குழப்பத்தில் தவறானதை வாங்கிவிடுவதும் எளிது. முதல் கடல் ராடாக வேண்டாம்.

இனி காற்று. கிழக்குக் கரையில் கடலைப் பார்த்து நின்றால் உங்கள் வலக்கைப் பக்கம் தெற்கு. விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், உங்கள் முதுகிலிருந்து வரும், வீச்சுக்கு வசதி. வெயில் ஏறியதும் திரும்பிக் கடலிலிருந்து அடிக்கும். பங்குனி முதல் ஆவணி வரை பிற்பகல்களில் அது தென்கிழக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வரும். வலக்கையால் வீசுகிறவருக்கு இதுதான் மோசமான காற்று. லைனையும் முள்ளையும் உங்கள் தலைக்கே தள்ளும். அப்போது கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, முன்வீச்சை நிலத்தின் பக்கம் செய்து, பின்வீச்சைக் கடலுக்குள் விடுங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் முள் உங்களை விட்டு விலகியே போகும். கண்ணாடி இல்லாமல் ஒருபோதும் வீசாதீர்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அமுக்கிவிடுங்கள். காதில் ஏறினால் உருவி எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது காற்று இடப்பக்கமிருந்து வருவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் கடலே கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும்.

ஆகவே கிருஷ்ணகிரியிலிருந்து காலை பஸ் பிடித்துப் பத்து மணிக்குக் கரையில் இறங்குவதில் பிரயோஜனமில்லை. ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியாக முந்தின நாளே போய்த் தங்குங்கள். நான்கு துண்டு ராடு இரண்டரை அடிக் குழாயில் அடங்கும், பஸ்ஸில் தலைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். இரண்டு துண்டு ராடு வாங்கினால் டிக்கெட் போடச் சொல்வார் கண்டக்டர்.

ராடைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: கைப்பிடிக்குக் கீழே வயிற்றில் ஊன்றிக்கொள்ளச் சின்ன அடிக்கட்டை இருக்க வேண்டும். ரீலைப் பூட்டும் மரை அனோடைஸ் செய்த அலுமினியமாக, கீழிருந்து மேலே பூட்டுவதாக இருக்க வேண்டும், முடிந்தால் இரட்டை மரை. முதல் இரண்டு வளையங்கள் பெரிதாக, பீங்கான் உள்வளையத்தோடு இருக்கட்டும். லைன் சிக்கலாகக் கிளம்பி வரும்போது சின்ன வளையத்தில் மாட்டி அறுவதைப் பெரிய வளையம் ஓரளவு தடுக்கும். நான்கு துண்டையும் பூட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து பாருங்கள், வளையங்கள் நேர்கோட்டில் நிற்க வேண்டும். ‘ஃபாஸ்ட்’ என்று எழுதியிருப்பதை எல்லாம் நல்லது என்று நினைக்க வேண்டாம். மிக விறைப்பான ராடு, 10 மீட்டர் லைன் வெளியே இருக்கும்போது வளையவே வளையாது. உங்களுக்கு மீடியம் ஃபாஸ்ட் போதும்.

என்னைக் கேட்டால் முப்பதாயிரத்தில் ராடுக்குப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். நடுத்தர ராடில் நல்ல லைன் போட்டால் மீன் கிடைக்கும். உயர்ந்த ராடில் மட்டமான லைன் போட்டால் கோபம்தான் மிஞ்சும். கரைக்கு முதல் லைன் மிதக்கும் லைனாக இருக்க வேண்டாம். அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டு, உங்களுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் எப்போதும் ஒரு தொய்வை உண்டாக்கும். மீன் தொட்டதே தெரியாது. ‘இன்டர்மீடியட்’ என்பது நொடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் அமிழும். அலைக்குக் கீழே இறங்கி நேராக நிற்கும். அதை வாங்குங்கள். அட்டையில் ‘டிராபிக்கல்’ என்று இருக்கிறதா பாருங்கள். குளிர்நாட்டு லைன் நம் வெயிலில் இளகி வளையத்தில் ஒட்டும். டிராபிக்கல் லைனோ மார்கழியில் ஓசூர்க் குளிரில் சுருளாகவே நிற்கும். கையால் இழுத்து நீவிவிட்டால் சரியாகும். இன்னொன்று: இப்போது வரும் பல லைன்களில் எண் 9 என்று இருக்கும், எடை 10-க்கு அருகில் இருக்கும். அட்டையில் கிரெய்ன் போட்டிருந்தால் அதைப் படியுங்கள்.

ரீலில் டிராக் (ஓடும் மீனுக்குப் பிடி கொடுக்கும் பிரேக்) மூடி அடைத்ததாக இருக்க வேண்டும், மணல் போகக் கூடாது. லைனுக்கு அடியில் சுற்றும் மெல்லிய நூலான ‘பேக்கிங்’, 20 பவுண்டு டேக்ரானில், 150 முதல் 200 மீட்டர் கொள்ள வேண்டும். லைன் நுனிக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் நரம்பான லீடர் நீளமாக வேண்டாம். அமிழும் லைனில் 9 அடி லீடர் போட்டால் லைன் கீழே, ஃப்ளை மேலே என்று ஆகிவிடும். 5, 6 அடி, 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன். சீலா இருக்கும் இடமென்றால் நுனியில் அரையடி கம்பி. இல்லையென்றால் பல் பட்ட இடத்தில் கத்தியால் அறுத்ததுபோல் போய்விடும்.

கடையில் எளிதில் கிடைக்காத, ஆனால் ராடுக்கு அடுத்தபடி தேவையான பொருள் இடுப்புத் தொட்டி. இழுத்த லைன் காலடியில் விழுந்தால் அலை அதைக் காலில் சுற்றிவிடும், அடுத்த வீச்சு அங்கேயே முடியும். பாத்திரக் கடையில் அகலமான பிளாஸ்டிக் டப் வாங்கி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, பத்துப் பன்னிரண்டு கேபிள் டைகளைக் கீழிருந்து குத்தி மேலே மூன்று அங்குலம் நிற்கும்படி விட்டு, பெல்ட்டில் கட்டிக்கொள்ளுங்கள். நட்டுக்கொண்டிருக்கும் அந்தக் குச்சிகள் லைன் ஒன்றோடொன்று பின்னாமல் பிரித்து வைக்கும்.

ராடு உடையும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் காரணம் ஈயக்கண். வீச்சில் அது ராடில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அன்று உடையாது, பிறகு மீன் இழுக்கும்போது அந்த இடத்தில் முறியும். கன ஃப்ளையை வேகமாக அல்ல, சற்று அகன்ற வளைவில் நிதானமாக வீச வேண்டும். இரண்டாவது, இணைப்புகள் வீச்சில் மெல்லத் திருகித் தளர்வது. உள்ளே நுழையும் பகுதியில் சாதாரண மெழுகுவத்தியை லேசாகத் தேயுங்கள், அரை மணிக்கொரு முறை அழுத்திப் பாருங்கள். மூன்றாவது, மீன் காலடிக்கு வந்ததும் ராடைச் செங்குத்தாகத் தூக்குவது. பாரம் முழுக்க நுனிக்குப் போய் அது பட்டென்று போகும். ராடைச் சாய்வாகப் பிடித்துப் பின்னால் நடங்கள், வருகிற அலையே மீனை மணலுக்குத் தள்ளிவிடும். வந்தது கெளுத்தி என்றால் அதன் துடுப்பு முள்ளில் கை வைக்காதீர்கள்.

தக்கைத் தூண்டில்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கும்: மீன் தொட்டதும் ராடைத் தூக்குவது. இங்கே ராடின் நுனி தண்ணீரை ஒட்டிக் கீழேயே இருக்க வேண்டும். மீன் தொட்டால் இடக்கையால் லைனை நீளமாக இழுங்கள், முள் ஏறும். தூக்கினால் ராடு வளையுமே தவிர முள் ஏறாது.

25 மீட்டருக்கு வீசத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அந்தப் பக்கத்துக் கரைகள் பல இடங்களில் செங்குத்தாக இறங்குகின்றன. அலை உடையும் இடத்துக்கு அடுத்த பள்ளத்திலேயே பாரை மேயும், 15 மீட்டர் போதும். அதே காரணத்தால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள், இழுப்பு அதிகம். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். பின்னால் மேடு என்பதால் பின்வீச்சை உயர்த்துங்கள். தாழ்ந்தால் முள் மணலில் மோதி மழுங்கும். வெறுமனே வீசிக்கொண்டிருக்காமல் அவ்வப்போது முள்முனையை நகத்தில் இழுத்துப் பாருங்கள்.

கழுவுவதை ஊர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பஸ் ஏறும் முன்பே இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி, ரீலைக் கழற்றி, மரையையும் வளையங்களின் அடிப்பகுதியையும் துடைத்துவிடுங்கள். ஊருக்கு வந்து மறுபடி கழுவுங்கள். பைப்பை விரலால் அடைத்துப் பீய்ச்ச வேண்டாம், உப்பும் மணலும் ரீலுக்குள் ஏறும். உங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் வெள்ளையாகப் படியும், ஈரத்தைத் துணியால் துடைத்தால் போதும். நன்றாகக் காயாமல் குழாயில் போட்டால் வார்னிஷ் கொப்பளிக்கும்.

பழகுவதற்குக் கடல் வேண்டாம், தண்ணீரே வேண்டாம். மழைக்குப் பிறகு புல் இருக்கிற பள்ளி மைதானம் போதும். தார் ரோட்டிலும் கல்லாங்குத்துப் பாறையிலும் லைனைப் போடாதீர்கள். கிருஷ்ணகிரிக் கருங்கல் தூள் அதன் மேல்பூச்சை உப்புத்தாள்போல் அரித்துவிடும். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு கட்டுங்கள். காற்றை எதிர்த்து ஒரு பாதி நேரம், வலப்பக்கக் காற்றில் முதுகு காட்டி ஒரு பாதி நேரம். மைதானத்துக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். கிராஃபைட் ராடில் மின்சாரம் பாயும். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.