கஞ்சாவும் கஞ்சியும்: கோத்தகிரி டயட்டீஷியன் பதில்கள்

மருத்துவக் கஞ்சா பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சாப்பாட்டோடு சம்பந்தம் இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்குச் சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லை. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். ‘எங்கே கிடைக்கும்’ என்பதற்கு இங்கே பதில் கிடையாது.

குன்னூர், உணவியல் மாணவி: மேடம், இது டாக்டர் பார்க்கிற விஷயம்தானே? நமக்கு இதில் என்ன வேலை?

டாக்டரிடம் ஐந்து நிமிடம் உட்காருகிறவர் நம்மிடம் அரை மணி நேரம் உட்காருகிறார் அம்மா. காலையில் என்ன சாப்பிட்டீர்கள், தாளிக்க என்ன எண்ணெய், தூங்கும் முன் ஏதாவது குடிப்பீர்களா என்று நோண்டுவது நாம்தான். ‘பையன் பெங்களூரிலிருந்து ஒரு சொட்டு மருந்து அனுப்பினான்’ என்பது அப்போதுதான் வெளியே வரும்.

‘கஞ்சா பழக்கம் உண்டா’ என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். ‘வலிக்கோ தூக்கத்துக்கோ எண்ணெய், லேகியம், சாக்லேட் மாதிரி ஏதாவது எடுக்கிறீர்களா’ என்று கேளுங்கள். முகத்தை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை டாக்டருக்குச் சொல்லுங்கள்.

இந்தச் செடியில் நமக்கு முக்கியமானவை இரண்டு. போதை தருவது டி.எச்.சி. போதை தராதது சி.பி.டி. இரண்டும் கொழுப்பில் கரையும், பசியை மாற்றும், மற்ற மாத்திரைகளைச் செரிக்கிற கல்லீரல் நொதிகளோடு மோதும். இதெல்லாம் நம் பாடத்தில் இருப்பதுதான்.

உதகை, ஒரு தாய்: ஏழு வயது மகனுக்கு வலிப்புக்காக டாக்டர் சி.பி.டி சொட்டு எழுதியிருக்கிறார். சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?

நல்ல கேள்வி. சி.பி.டி வெறும் வயிற்றில் மிகக் குறைவாகத்தான் உடம்பில் ஏறும். அமெரிக்காவில் 2018-ல் டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற கடுமையான குழந்தை வலிப்புகளுக்கு அனுமதி பெற்ற சி.பி.டி மருந்தில், கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் இரத்தத்தில் சேரும் மொத்த அளவு நான்கு மடங்கு வரை கூடுவதாகக் கண்டிருக்கிறார்கள். அதே சொட்டுதான். இட்லியை வெறுமனே தின்றபின் கொடுத்தால் ஒரு அளவு, பொடியும் நல்லெண்ணெயும் குழைத்துத் தின்றபின் கொடுத்தால் வேறு அளவு.

அதனால் முன்னாலா பின்னாலா என்பதைவிட, தினமும் ஒரே மாதிரி கொடுப்பது முக்கியம். எப்படி என்று டாக்டரிடம் ஒரு தடவை முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள். திங்கட்கிழமை ரசம் சாதம், செவ்வாய்க்கிழமை நெய்ச் சோறு என்று போனால் வலிப்புக் கணக்கும் தூக்கக் கணக்கும் குழம்பும். மகனைக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவுக்கு மாற்றினால், மாற்றும் முன்பே நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள். தட்டில் கொழுப்பு ஏறினால் மருந்தும் ஏறும்.

நான் சொன்ன அந்த மருந்தே நல்லெண்ணெயில் கரைத்ததுதான். எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் பாட்டிலில் எந்த எண்ணெய் என்று பாருங்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் கூட எடுத்தால் கல்லீரல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பசி குறைவதும் வயிற்றுப்போக்கும் இதில் வரும், மாதம் ஒரு தடவை எடை பாருங்கள்.

கோத்தகிரி: அப்பாவுக்குப் புற்றுநோய், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கஞ்சா கொடுத்தால் பசிக்குமாமே அக்கா?

டி.எச்.சி பசியைத் தூண்டும் என்பது உண்மை. அதன் செயற்கை வடிவமான ட்ரோனாபினால் கீமோ வாந்திக்கு 1985-லும், எய்ட்ஸ் நோயாளிகளின் எடைக் குறைவுக்கு 1992-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் முற்றிய புற்றுநோயில் அதை மெஜஸ்ட்ரால் என்ற பழைய பசி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2002-ல் வந்தது. மெஜஸ்ட்ரால் எடுத்தவர்களில் 75 சதவீதம் பேருக்குப் பசி கூடியது, ட்ரோனாபினாலில் 49 சதவீதம். எடை ஏறியதிலும் மெஜஸ்ட்ரால்தான் முன்னால். அதற்கும் இரத்தம் உறைகிற ஆபத்து உண்டு, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் பக்கத்தில் கஞ்சா இல்லை, கஞ்சிதான். ராகிக் கஞ்சியில் ஒரு கரண்டி நெய், வேர்க்கடலைப் பொடி, ஒரு முட்டை. தட்டு வேண்டாம், டம்ளரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். சூடாகக் கொடுத்தால் வாசனையே குமட்டும், ஆறவைத்துக் கொடுங்கள். வாயில் புண் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? அதை முதலில் பாருங்கள்.

மேட்டுப்பாளையம்: எடை குறைய உதவுமா?

இல்லை. கஞ்சா பசியைத் தூண்டப் போய் ஒட்டுகிற இடத்தை, அதாவது அதே ஏற்பியை, அடைக்கும் ரிமோனபான்ட் என்ற எடைக்குறைப்பு மருந்து 2006-ல் ஐரோப்பாவில் வந்தது. எடுத்தவர்களுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வர, 2008-ல் விற்பனையை நிறுத்தினார்கள்.

கூடலூர்: எங்கே கிடைக்கும்?

தொடக்கத்தில் சொன்னதைப் படியுங்கள்.

குன்னூர், ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை அதிகாரி: 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் இலை என்பது கஞ்சாக் கணக்கிலேயே வராது. பாலில் அரைத்துக் குடித்தால் அது மருந்து. ஏன் எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள்?

பாதி சரி ஐயா. அந்தச் சட்டத்தில் கஞ்சா என்பது பூ, காய் கொண்ட நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. ஆனால் மாநிலச் சட்டங்கள் தனி. இலை என்று வாங்குவதில் நுனி கலந்திருந்தால் அது கஞ்சாதான். எனக்குச் சட்டத்தைவிடக் கவலை அளவு. இலையிலும் டி.எச்.சி உண்டு. பச்சையில் அது பெரும்பாலும் போதை தராத அமில வடிவில் இருக்கும். சூடு பட்டால் மாறும். பாலில் காய்ச்சினால் சூடும் கிடைக்கிறது, கரைய கொழுப்பும் கிடைக்கிறது. டம்ளரில் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்?

*மேட்டுப்பாளையம், சித்த மருத்துவர்:* குறுக்கிடுகிறேன். எங்கள் முறையில் நச்சு நீங்கச் சுத்தி செய்து, அளந்து, மற்ற சரக்குகளோடு சேர்த்துத்தான் கொடுப்போம். மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய நச்சுச் சரக்குகளின் அரசுப் பட்டியலில் சித்தப் பிரிவிலும் அது இருக்கிறது. அம்மிப் பாலைச் சித்த மருத்துவம் ஆக்காதீர்கள்.

*குன்னூர்க்காரர்:* என் தாத்தா குடித்தார், தொண்ணூறு வயது இருந்தார்.

உங்கள் தாத்தா பிரஷர் மாத்திரை எடுத்தாரா ஐயா? நீங்கள் எடுக்கிறீர்களா?

*குன்னூர்க்காரர்:* இரண்டு. அதற்கும் இதற்கும் என்ன?

டி.எச்.சி எடுத்தபின் எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். மாத்திரையும் இறக்குகிறது. இரவு இரண்டு மணிக்குக் குளிரில் போர்வையை விலக்கிக் கழிப்பறைக்கு நடக்கிறீர்கள். விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவர்களுக்கு உணவுப் பட்டியல் எழுதியே என் கை தேய்ந்துவிட்டது.

*சித்த மருத்துவர்:* இதில் மேடம் சொல்வது சரி.

*குன்னூர்க்காரர்:* இருவரும் சேர்ந்துகொண்டீர்கள்.

ஊட்டி, ஜிம் போகும் தம்பி: ஹெம்ப், அதாவது கஞ்சாச் செடி, அதன் விதைப் புரோட்டீன் நல்லதா? போதை ஏறுமா?

ஏறாது. விதையையும் விதை எண்ணெயையும் 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவாக அனுமதித்தது. விதையில் டி.எச்.சி கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் தாண்டக் கூடாது. தோல் நீக்கிய விதை 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம். நல்ல உணவுதான், ஆனால் விலைக்கு வேர்க்கடலையும் கொள்ளும் போதும் தம்பி. ஹெம்ப் எண்ணெயில் வடை சுடாதே, சூடு தாங்காது.

ஒன்றைக் கவனி. ஹெம்ப்பைச் சிலர் ‘சணல் விதை’ என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்பு வேறு செடி, அதன் விதையில் கல்லீரலைக் கெடுக்கிற நச்சு இருக்கிறது. உரக்கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி அரைத்துவிடாதே.

ஊட்டி, தங்கும் விடுதி நடத்துபவர்: விருந்தாளிகள் ஒரு ‘பிரவுனி’யை ஃப்ரிட்ஜில் விட்டுப் போயிருக்கிறார்கள். வாசனை ஒரு மாதிரி.

கஞ்சா கலந்த சாக்லேட் கேக்காக இருக்கலாம். யாரும் தொடாமல் எடுத்து அப்புறப்படுத்துங்கள், இன்றைக்கே. வீட்டுக்கு வீடு ஹோம்மேட் சாக்லேட் கிண்டுகிற ஊர் நம்முடையது, ஒரு குழந்தைக்கு அதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. புகைத்தால் நிமிடங்களில் ஏறுவது, தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் எடுக்கும். ‘ஒன்றும் ஆகலையே’ என்று பெரியவர்களே இன்னொரு துண்டு தின்பது அதனால்தான். குழந்தை தின்றுவிட்டால் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சத்தை உறையோடு கையில் எடுத்துப் போங்கள்.

கோத்தகிரி, கல்லூரி மாணவனின் அக்கா: தம்பி மாதக்கணக்கில் விட்டுவிட்டு வாந்தி எடுக்கிறான். கேஸ் டிரபிள் என்றார்கள். காரம், காபி எல்லாம் நிறுத்தியாயிற்று.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெந்நீரில் குளிக்கிறான்? இந்தக் குளிரில் யார்தான் வெந்நீரில் குளிக்கவில்லை என்பீர்கள். நான் கேட்பது மூன்று, நான்கு தடவை, குளித்தால் மட்டும் குமட்டல் அடங்குகிறதா என்று. அப்படியென்றால் தனியாக, திட்டாமல், கஞ்சா எடுக்கிறானா என்று கேளுங்கள். வருடக்கணக்காக அடிக்கடி புகைப்பவர்களுக்கு இப்படி ஒரு வாந்தி நோய் வரும். 2004-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதியில்தான் இதை முதலில் விவரித்தார்கள், அங்கேயும் வெந்நீர்க் குளியல்தான் துப்பு. வாந்தியை நிறுத்தும் என்று நம்பி மேலும் புகைப்பார்கள், அது இன்னும் கூட்டும். முழுதாக நிறுத்துவதுதான் தீர்வு. அதுவரை ஓ.ஆர்.எஸ். சிறுநீர் குறைந்தால் ஆஸ்பத்திரி, ஏனென்றால் சிறுநீரகம் அடிபடும்.

காரத்தை நிறுத்தியது வீண்.

கூடலூர், செவிலியர்: அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் வலிக்குக் கஞ்சா கேட்கிறார்கள்.

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த நோய் 1952-லேயே பதிவானது. வலிக்குக் கஞ்சா உதவும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கஞ்சாவால் வாந்தி வந்து உடம்பில் நீர் வற்றினால் அதுவே வலியைக் கிளப்பும். தண்ணீர், கதகதப்பு, ஃபோலிக் அமிலம், டாக்டர் எழுதிய ஹைட்ராக்சியூரியா. இவற்றை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்.

குன்னூர்: இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கும் அம்மாவுக்கு சி.பி.டி எண்ணெய் கொடுக்கலாமா?

டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். வார்ஃபரினின் வேலை கூடி இரத்தக்கசிவு வரலாம். கீரையும் வார்ஃபரினின் வேலையை மாற்றும், அதற்காக நிறுத்தாதீர்கள், எப்போதும் போல ஒரே அளவில் கொடுங்கள்.

ஊட்டி: பெங்களூரில் கிடைக்குமா?

ஐந்தாவது தடவை. இல்லை, அதாவது பதில் இல்லை.

குன்னூர், அதே தேயிலை அதிகாரி: டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திட்டினார். இலையை நிறுத்தியாயிற்று. வெறும் பாலில் நாட்டுச் சர்க்கரையாவது போடலாமா?

கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டை அனுப்புங்கள் ஐயா, பார்த்துச் சொல்கிறேன்.