என்பிஏ கூடைப்பந்து லீக்குக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி கேட்டவர் ஒன்றுக்குள் மூன்று கேள்வி வைத்திருக்கிறார். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி ஆட்டக்காரர் ஸ்டீபன் கரிக்கு ஒரு சீசனுக்குக் கிட்டத்தட்ட 6 கோடி டாலர் சம்பளம் என்கிறார்கள், டிக்கெட் விற்று அதைக் கொடுக்க முடியுமா? முடியாது என்றால் பணம் எங்கிருந்து வருகிறது? வருடக்கணக்கில் தோற்கிற அணியைக்கூட ஏன் யாரும் இழுத்து மூடுவதில்லை?

நான் கல்லூரியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவனாக, ஆடியவன். இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து, அமெரிக்காவில் முந்தின நாள் இரவாக இருக்கும்போதே ஆட்டம் பார்க்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. ஆட்டமும் பிடிக்கும், கணக்கும் பிடிக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் டிக்கெட். என்பிஏவில் 30 அணிகள். ஓர் அணிக்குச் சீசனில் 82 ஆட்டம், அதில் 41 சொந்த ஊரில். என் அக்கா டல்லாஸில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். விக்டரி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் அரங்கம் எதிரிலேயே நிற்கிறது. அதன் பெயர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சென்டர். நாங்கள் டிக்கெட்டைக் காட்டுவதற்கு முன்னாலேயே ஒரு விமான கம்பெனி அந்தக் கட்டடத்தில் தன் பெயரை எழுதப் பணம் கொடுத்திருக்கிறது. மாமா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "தண்ணி குடிச்சிட்டு உள்ள வா. உள்ள வாங்கினா வயிறு எரியும்." உண்மைதான். எங்களுக்குக் கிடைத்தது மேல்தளத்தில் இடம். அங்கிருந்து பார்த்தால் நடுவில் கண்ணாடி அறைகள் வரிசையாகத் தெரிகின்றன. கம்பெனிகள் அவற்றை வருடக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, தங்கள் வாடிக்கையாளர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போடுகின்றன. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கோர்ட்டைப் பார்க்கவே இல்லை. மேலே எங்களுக்கு முன் வரிசையில் ஓர் அப்பா, இரண்டு பிள்ளைகளுக்கும் ஜெர்சி வாங்கிக்கொடுத்துவிட்டு, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பாப்கார்னோடு உட்கார்ந்திருந்தார். அரங்கத்தில் 19,000 பேர் உட்காரலாம். டிக்கெட், பார்க்கிங், தின்பண்டம், பீர், ஜெர்சி, கண்ணாடி அறை எல்லாம் சேர்ந்தால் சின்னத் தொகை இல்லை.

எவ்வளவு பெரிய தொகை என்பது 2020இல் வெளியே வந்தது. மார்ச் 11ஆம் தேதி ரூடி கோபேர் என்ற ஆட்டக்காரருக்குக் கொரோனா உறுதியானதும் சீசன் அன்றே நிறுத்தப்பட்டது. அப்புறம் லீக்கின் கமிஷனர் ஆடம் சில்வர், ரசிகர்கள் அரங்கத்துக்கு வருவதால் கிடைப்பது மொத்த வருமானத்தில் சுமார் 40 சதவீதம் என்றார். சரி, ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது என்றால் கடையைச் சாத்திவிட்டு அடுத்த வருடம் பார்த்திருக்கலாமே? சாத்தவில்லை. 22 அணிகளை ஆர்லாண்டோ பக்கத்தில் டிஸ்னி வளாகத்துக்குள் மாதக்கணக்கில் தங்கவைத்து, பார்வையாளரே இல்லாமல் ஆடவைத்தார்கள். தினமும் பரிசோதனை, தனிச் சமையல், தனி விடுதி என்று அதற்கே கோடிக்கணக்கில் செலவு. அந்தச் செலவுக்கும் துணிந்தார்கள் என்றால், வாசலை அடைத்துவிட்டாலும் வரக்கூடிய ஒரு பணம் இருக்கிறது என்று அர்த்தம். அதுதான் டிவி பணம்.

டிஸ்னி, என்பிசி யுனிவர்சல், அமேசான் மூவரோடும் 2024 ஜூலையில் லீக் செய்துகொண்ட ஒப்பந்தம் 11 வருடத்துக்கு. தொகை சுமார் 7,600 கோடி டாலர். 2025-26 சீசனில் தொடங்கி 2035-36 வரை. இதற்கு முந்தைய ஒப்பந்தம் 9 வருடத்துக்கு 2,400 கோடி. அதற்கும் முந்தையது 8 வருடத்துக்கு 740 கோடி. வருடச் சராசரியாகப் பார்த்தால் 93 கோடியில் இருந்து 267 கோடி, அங்கிருந்து கிட்டத்தட்ட 690 கோடி. கேபிள் இணைப்பைத் துண்டிக்கிறவர்கள் பெருகிவரும் காலத்தில்தான் இந்த ஏற்றம். சீரியலையும் சினிமாவையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், விளம்பரத்தைத் தள்ளிவிடலாம். ஆட்டத்தை அப்படிப் பார்க்க முடியாது. ஸ்கோர் தெரிந்த பிறகு அதில் உயிர் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, விளம்பரத்தையும் சேர்த்துப் பார்க்கிற நிகழ்ச்சி விளையாட்டை விட்டால் வேறு அதிகம் மிச்சமில்லை.

அந்த விளம்பரத்துக்கான இடம் ஆட்ட விதியிலேயே இருக்கிறது. நான் டல்லாஸ் அரங்கத்தில் உட்கார்ந்துதான் இதை முழுசாகப் புரிந்துகொண்டேன். ஒரு குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கால் பகுதி, 12 நிமிடம். கடிகாரம் 7 நிமிடத்துக்குக் கீழே இறங்கும்வரை எந்த அணியும் டைம்அவுட் கேட்கவில்லை என்றால், அடுத்து பந்து நிற்கிற முதல் இடத்தில் டைம்அவுட் தானாக வந்துவிடும், அது சொந்த ஊர் அணியின் கணக்கில் ஏறும். 3 நிமிடத்துக்குக் கீழே இறங்கும்போது இன்னொன்று, அது அடுத்த அணியின் கணக்கில். அன்றைக்கு ஓர் அணி தொடர்ந்து பத்துப் புள்ளி எடுத்து அரங்கமே எழுந்து நின்றது. பந்து கோட்டுக்கு வெளியே போனது. உடனே ஹாரன். நல்ல வேகத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் போனார்கள். கோர்ட்டில் நடனக் குழு இறங்கியது, கூட்டத்துக்குள் டி-ஷர்ட் வீசினார்கள். வீட்டில் பார்க்கிறவருக்கு அந்த நேரத்தில் விளம்பரம். பயிற்சியாளர் கேட்காமலேயே வருகிற இந்த நிறுத்தம் டிவிக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய நேரம். கல்லூரிக் கோர்ட்டில் பயிற்சியாளர் கேட்டால்தான் டைம்அவுட் என்று ஆடிப் பழகிய எனக்கு அது முதலில் உறுத்தியது. இன்றைக்கும் கொஞ்சம் உறுத்துகிறது.

டிவி எப்போதுமே இப்படிக் கொட்டிக்கொடுக்கவில்லை. 1980 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், லேக்கர்ஸ் அணியின் கரீம் அப்துல் ஜப்பார் காயத்தில் இருக்க, 20 வயது மேஜிக் ஜான்சன் அவர் இடத்தில் சென்டராக இறங்கி 42 புள்ளி எடுத்துக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் அந்த ஆட்டத்தை நேரலையில் காட்டவில்லை. சிபிஎஸ் சேனல் அதைப் பதிவுசெய்து, இரவு பதினொன்றரைக்கு மேல்தான் போட்டது. கூடைப்பந்துக்கு டிவியில் இருந்த மரியாதை அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியில்தான் சில்னா சகோதரர்களின் கதையைச் சொல்ல வேண்டும். விளையாட்டு வியாபாரத்தில் எனக்குத் தெரிந்து இதைவிடக் கூர்மையான ஒப்பந்தம் கிடையாது. என்பிஏவுக்குப் போட்டியாக ஏபிஏ என்று ஒரு லீக் இருந்தது. 1976இல் அது கலைந்து, டென்வர், இந்தியானா, நியூயார்க் நெட்ஸ், சான் அன்டோனியோ ஆகிய நான்கு அணிகள் என்பிஏவில் சேர்ந்தன. சேர்த்துக்கொள்ளப்படாத அணிகளுக்கு ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும். கென்டகி அணியின் உரிமையாளர் சுமார் 30 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். செயின்ட் லூயிஸ் அணி ஓஸி, டான் என்ற சில்னா சகோதரர்களுடையது. பாலியஸ்டர் துணித் தொழிலில் சம்பாதித்தவர்கள். அவர்கள் ரொக்கமாக 22 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, கூடவே இன்னொன்று கேட்டார்கள்: உள்ளே போகிற நான்கு அணிகள் ஒவ்வொன்றுக்கும் வருகிற டிவி பணத்தில் ஏழில் ஒரு பங்கு எங்களுக்கு வேண்டும். எத்தனை வருடத்துக்கு? லீக் இருக்கும்வரை.

டிவி பணமே சொற்பமாக இருந்த காலம், அதனால் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் மேஜிக் ஜான்சனும் லேரி பேர்டும் வந்தார்கள், மைக்கேல் ஜோர்டான் வந்தார், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தொகை ஏறிக்கொண்டே போனது. ஓர் அணியும் இல்லாமல், ஓர் ஆட்டக்காரருக்கும் சம்பளம் கொடுக்காமல், சில்னா சகோதரர்களுக்கு வருடா வருடம் காசோலை வந்தது. 2014 வாக்கில் மொத்தம் சுமார் 30 கோடி டாலர் வந்திருந்தது. கடைசியில் அந்த உரிமையின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கி முடிக்க, என்பிஏ தரப்பு அந்த வருடம் இன்னும் சுமார் 50 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வரவு எங்கிருந்து வளரும் என்று பார்த்து அதில் பங்கு கேட்டவர்கள் அவர்கள். கென்டகிக்காரர் கையில் கிடைத்ததை வாங்கினார். கணக்குப் படிக்க வருகிற பசங்களுக்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் இதுதான்.

சரி, கரியின் சம்பளத்துக்கு வருகிறேன். தேசிய அளவிலான டிவி பணம் 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கும் அதே பங்கு, சின்ன ஊரான மெம்ஃபிஸுக்கும் அதே பங்கு. அப்புறம், கூடைப்பந்து சார்ந்து வருகிற மொத்த வருமானத்தில் ஏறத்தாழப் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போக வேண்டும் என்று லீக்குக்கும் அவர்கள் சங்கத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு காலத்தில் 57 சதவீதம் இருந்தது. 2011இல் உரிமையாளர்கள் கதவைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தார்கள், சீசன் கிறிஸ்துமஸ் அன்றுதான் தொடங்கியது, 82 ஆட்டம் 66 ஆனது. அந்தப் பேரத்தின் முடிவில்தான் பங்கு பாதியானது. அந்த ஏழு சதவீதத்தை ஆட்டக்காரர்கள் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. டிக்கெட் வாங்குகிறவர் கரியைப் பார்க்கத்தான் வாங்குகிறார்.

ஆட்டக்காரர்களின் இந்தப் பங்கை வைத்துத்தான் ஒவ்வோர் அணிக்கும் சம்பள வரம்பு, அதாவது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வகுத்த அளவு, கணக்கிடப்படுகிறது. 2025-26இல் அது 15.46 கோடி டாலர். பத்து வருடமோ அதற்கு மேலோ அனுபவம் உள்ள ஆட்டக்காரரின் ஒப்பந்தம் அந்த வரம்பில் 35 சதவீதம் வரை தொடங்கலாம், பிறகு வருடா வருடம் ஏறலாம். கரியின் தொகை அப்படி வந்ததுதான். அதாவது அவர் சம்பளத்தை அரங்கத்து வாசலில் நிற்கிற டிக்கெட் வரிசை மட்டும் தீர்மானிக்கவில்லை, பெரும்பாலும் டிவி ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. 2016இல் இது பளிச்சென்று தெரிந்தது. அந்த 2,400 கோடி ஒப்பந்தம் தொடங்கியதும் வரம்பு ஒரே தாவலில் 7 கோடியில் இருந்து 9.41 கோடிக்குப் போனது. முந்தைய சீசனில் 73 ஆட்டம் ஜெயித்திருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குத் வரம்புக்குள் திடீரென்று இடம் கிடைத்து, நட்சத்திர ஆட்டக்காரர் கெவின் டுரான்டையும் சேர்த்துக்கொண்டது. அடுத்தடுத்து இரண்டு கோப்பை. இப்போது வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் வரம்பு ஏறக் கூடாது என்று விதி இருக்கிறது.

வரம்பை ஓரளவுக்கு மேல் தாண்டினால் லீக்குக்கு ஆடம்பர வரி கட்ட வேண்டும். 2021-22இல் வாரியர்ஸ் கட்டிய வரி மட்டும் சுமார் 17 கோடி டாலர். இந்த வரியில் ஒரு பகுதி வரி கட்டாத அணிகளுக்குப் பங்காகப் போகிறது. பணக்கார அணி ஆட்டக்காரரை அள்ள அள்ள, ஏழை அணியின் பெட்டியிலும் கொஞ்சம் விழும்.

மற்ற வருமானங்கள் இதற்கெல்லாம் அடுத்த வரிசை. 2017-18 முதல் ஜெர்சியின் நெஞ்சில் இரண்டரை அங்குலச் சதுரத்துக்கு ஒரு கம்பெனி முத்திரை. வாரியர்ஸ் அந்தத் துண்டுக்கு ராகுடென் கம்பெனியிடம் வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வாங்கியது. ஜெர்சி தைக்கிற உரிமைக்கு நைக்கி தனியாகக் கட்டுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் அரங்கத்துக்குத் தன் பெயரை வைக்க ஒரு கிரிப்டோ கம்பெனி 2021இல் 20 வருடத்துக்கு 70 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. சீனாவில் டென்சென்ட் இணைய உரிமைக்கு 5 வருடத்துக்கு 150 கோடி டாலர் தந்தது. அணிகளின் உள்ளூர் கேபிள் வருமானம் மட்டும் தடுமாறியிருக்கிறது. அதில் பெரிய கம்பெனியான டைமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. அந்த வருடமே ஃபீனிக்ஸ் அணி கேபிளை விட்டுவிட்டு, ஆன்டெனா வைத்தால் இலவசமாகப் பார்க்கிற சேனலுக்கு மாறிக்கொண்டது. ரசிகன் என்ற முறையில் எனக்கு அது நல்ல செய்தி.

கடைசிக் கேள்வி, தோற்கிற அணி ஏன் மூடவில்லை. டிவி பங்கு ஜெயித்தாலும் தோற்றாலும் வருகிறது என்பது பாதிப் பதில். மீதி, அணியின் விலையில் இருக்கிறது. மொத்தம் 30 அணிதான், 2004க்குப் பிறகு புதிதாக ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. வாங்க ஆள் நிறைய, விற்க ஆள் குறைவு. நான் ஆட்டம் பார்த்த டல்லாஸ் அணியை மார்க் க்யூபன் 2000இல் 28.5 கோடி டாலருக்கு வாங்கினார். 2023 டிசம்பரில் சுமார் 350 கோடி மதிப்பில் பெரும்பங்கை விற்றார். பாஸ்டன் செல்டிக்ஸ் 2025இல் 610 கோடிக்குக் கைமாறியது. அவையாவது ஜெயித்த அணிகள். லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸைப் பாருங்கள். டொனால்ட் ஸ்டெர்லிங் 1981இல் அதை 1.25 கோடிக்கு வாங்கினார். முப்பது வருடத்துக்கு மேல் அவர் கையில் இருந்தது, பெரும்பாலான சீசன்களில் கடைசி வரிசையில் கிடந்தது, ஒரு கோப்பைகூட இல்லை. 2014இல் கறுப்பின மக்களைப் பற்றி அவர் பேசிய பேச்சு பதிவாகி வெளியே வந்தது, லீக் அவரை ஆயுளுக்கும் தடைசெய்தது. குடும்பம் அணியை ஸ்டீவ் பால்மருக்கு விற்றது, 200 கோடி டாலருக்கு. அந்த விலையை ஏற்றிவிட்டவர்கள் யாரை அவர் இழிவாகப் பேசினாரோ அந்த ஆட்டக்காரர்கள்தான். அவர்களுக்கு அதில் ஒரு டாலர்கூடப் பங்கு கிடையாது. அணியை விற்று வருகிற பணம், நான் மேலே சொன்ன அந்தப் பாதிப் பங்குக் கணக்குக்குள் வராது.