‘சர்வர் டவுன்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

எனக்குப் பாலக்கோடு பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு பெங்களூரில் தங்கி சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் படிப்பு படித்தேன். தர்மபுரி மாவட்டத்தில் அரசு அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, ஓர் ஒப்பந்த நிறுவனம் மூலமாகப் போன வாரம் ஆர்டர் வந்திருக்கிறது. அப்பா ஊர் முழுக்க ‘பையனுக்கு கவர்மென்ட் வேலை’ என்று சொல்லிவிட்டார். கூடப் படித்தவர்களோ, ‘அங்கே போனால் பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கத்தான் விடுவார்கள்’ என்று சிரிக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இதே வேலையைப் பல வருடம் பார்த்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். போகலாமா?

இன்னொன்று. அக்கா தன் மகளின் வருமானச் சான்றிதழுக்காக மூன்று நாள் தாலுகா ஆபீசுக்கு அலைந்தாள். மூன்று நாளும் ‘சர்வர் டவுன்’ என்றே பதில். உண்மையிலேயே சர்வர் அவ்வளவு நாள் படுத்துக்கிடக்குமா? நாளைக்கு நானும் அந்தப் பக்கம் நின்றுகொண்டு இதையேதான் சொல்வேனா?

வெ., பாலக்கோடு

அன்புள்ள வெ.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

அக்கா கவுன்ட்டரில் கொடுத்த விண்ணப்பம் அங்கேயுள்ள கணினியில் தங்குவதில்லை. கணினியிலிருந்து சுவரில் இருக்கும் போர்ட், அங்கிருந்து ஒரு சுவிட்ச் (அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி), பிறகு வெளி உலகத்தோடு இணைக்கும் ரவுட்டர், அப்புறம் ரோட்டோரம் புதைத்த கண்ணாடி இழை, மாவட்டத் தலைநகர், கடைசியாகச் சென்னையில் இருக்கும் தரவு மையம். நீங்கள் ‘சர்வர்’ என்று படித்தது அந்தக் கடைசி இடத்தில்தான் இருக்கிறது. அங்கே ஏசி உண்டு, ஜெனரேட்டர் உண்டு, ராத்திரியும் முழித்திருக்க ஆட்கள் உண்டு. கல்லூரிச் சேர்க்கை சமயத்தில் எல்லா மாவட்டமும் ஒரே நேரத்தில் முட்டும்போது அதுவும் திணறும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த பதினோரு வருடத்தில் ‘சர்வர் டவுன்’ என்று எனக்கு வந்த போன்களில் பெரும்பாலானவற்றில் சர்வர் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. பழுது இந்தப் பக்கம்தான், அதுவும் பல நேரம் போன் செய்தவரின் காலடியில்.

ஒன்று சொல்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். ஆயுதபூஜை விடுமுறை முடிந்து திறந்த அன்று காலை பத்து மணிக்கே போன். ‘சென்னை சர்வர் டவுன், கம்ப்ளெய்ன்ட் போடுங்க.’ தர்மபுரியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மணி பன்னிரண்டு. வராண்டாவிலும் படிக்கட்டிலும் ஜனம். சென்னைக்குப் பிங் அடித்தேன், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சின்னச் செய்தி. பதில் இல்லை. சரி என்று அதே அறையில் பத்தடி தள்ளி இருந்த ரவுட்டருக்கு அடித்தேன். நாலு போனால் ஒன்றுதான் திரும்பியது. பக்கத்து வீட்டுக்கே போக முடியாதவனுக்குச் சென்னை எதற்கு?

மேஜைக்கு அடியில் குனிந்தேன். எட்டு போர்ட் உள்ள ஒரு சின்ன சுவிட்ச், மேலே சந்தனம், குங்குமம், வாடிப்போன ஒரு சாமந்திப்பூ. விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெறிபிடித்ததுபோல் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு கேபிளின் இரண்டு முனையும் அதே சுவிட்சில். பூஜைக்காக எல்லாவற்றையும் கழற்றித் துடைத்திருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது ஒரு முனை மிச்சமாகியிருக்கிறது. அலுவலக உதவியாளர் சொன்னார்: “கீழ கிடந்துச்சு சார், எதுலேர்ந்து கழண்டுச்சோன்னு காலியா இருந்த ஓட்டையில சொருகி வச்சேன்.” நல்லெண்ணம்தான்.

லூப் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். கேபிளில் ஓடும் தகவல் துண்டுக்கு, அதாவது ஈதர்நெட் ஃபிரேமுக்கு, ஆயுள் கணக்கு கிடையாது. வட்டம் ஒன்று கிடைத்துவிட்டால் நிற்காமல் சுற்றும், ஒன்று பலவாகும், கடைசியில் உண்மையான வேலைக்கு வழியே இருக்காது. இதைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி 1985-இல் ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையைக் கண்டுபிடித்தார். கடையில் வாங்கி மேஜைக்கடியில் போட்ட அந்தச் சின்ன சுவிட்சுக்கு அந்தம்மாவைத் தெரியாது. கேபிளைப் பிடுங்கினேன், பத்து வினாடி. அந்தப் பத்து வினாடிக்காக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நானும் படிக்கட்டில் ஜனமும். ரிப்போர்ட்டில் ‘லேன் பழுது, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிவிட்டு வந்தேன்.

போனிலேயே சொல்லிச் சரிசெய்திருக்கலாமே என்பீர்கள். செய்து பார்த்தவன்தான் நான். ‘சுவிட்சை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்றேன் வேறொரு ஊரில். அவர் போய் ஃபேன் சுவிட்சைப் போட்டு அணைத்துவிட்டு வந்து, ‘பண்ணிட்டேன் சார், அப்பவும் வரல’ என்றார். அவர் பேரில் தப்பே இல்லை. தமிழ்நாட்டில் சுவிட்ச் என்றால் சுவரில்தானே இருக்கும்?

இன்னொரு வகை டவுன் உண்டு. சான்றிதழில் அதிகாரி பேனாவால் கையெழுத்துப் போடுவதில்லை, டிஜிட்டல் கையொப்பம். பென்டிரைவ் போல ஒரு டோக்கன், அதைச் செருகிக் கடவுச்சொல் கொடுத்தால்தான் சான்றிதழ் வெளியே வரும். அதிகாரி ஜமாபந்தியில் (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) இருக்கிறார், அல்லது அமைச்சர் வருகிறார் என்று காலையிலேயே ரோட்டுக்குப் போய்விட்டார். டோக்கன் அவர் பையில். கவுன்ட்டரில் இருப்பவர் ‘ஐயா இல்லை’ என்று சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். ‘சர்வர் டவுன்’ என்றால் யாரும் வரமாட்டார்கள். அக்காவின் மூன்று நாளில் ஒரு நாளாவது இந்த வகையாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். (டோக்கனை மேஜையிலேயே விட்டுவிட்டு, கடவுச்சொல்லைக் காலண்டருக்குப் பின்னால் எழுதிவைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அங்கே சர்வர் ஒருநாளும் டவுன் ஆவதில்லை. அதற்கு நான் இன்னும் பயப்படுவேன்.)

நிஜமாகவே நாள்கணக்கில் இழுப்பது கேபிள் வெட்டுதான். ரோட்டை அகலப்படுத்துகிறேன், குழாய் பதிக்கிறேன் என்று ஜேசிபி இறங்கினால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு மார்கழியில் அஞ்செட்டி பக்கம் லிங்க் போய்விட்டது. ஓடிடிஆர் கருவியில் ஒளியை அனுப்பிப் பார்த்தோம். 11 கிலோமீட்டரும் கொஞ்சமும் தாண்டி வெட்டு என்று காட்டியது. ஆனால் அது கேபிளின் நீளம், ரோட்டின் நீளம் அல்ல. ஜாயின்ட் போட்ட குழிகளில் எல்லாம் உபரியாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். அதைத் தோராயமாகக் கழித்துக்கொண்டு நடந்தே தேட வேண்டும். இந்தக் கணக்கைப் பெங்களூர் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சாயந்தரம் ஐந்து மணிக்குக் குழியைக் கண்டுபிடித்தோம். 24 இழை. ஒவ்வொன்றும் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அதற்குள் ஒளி ஓடும் பாதை 9 மைக்ரான்தான். தூசி பட்டால் போச்சு. ஜீப்பின் பின்சீட்டில் துணியைக் கட்டிக்கொண்டு, இழைகளை ஒட்டவைக்கும் ஸ்பிளைசிங் ஆட்கள் மெஷினை எடுத்து வைத்தபோது ஒரு வனக்காவலர் வந்தார். ‘ராகிக் காட்டுல யானை இறங்கியிருக்கு, கிளம்புங்க.’

கிளம்பினோம். மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் திரும்பி வந்தோம். அந்த மாதத்து அறிக்கையில் காரணம் எழுதக் கட்டங்கள் இருந்தன: மின்தடை, கேபிள் துண்டிப்பு, கருவிப் பழுது, இதர. யானையை ‘இதர’வில் போட்டேன். மேலே இருந்து போன் வந்தது, இதர என்றால் என்ன என்று. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். அப்பா சொன்னதில் பாதி சரி. வேலை அரசாங்கத்துடையது, சம்பளம் ஒப்பந்தக்காரருடையது. சில வருடத்துக்கு ஒருமுறை டெண்டர் மாறும். நாற்காலி அதே நாற்காலி, ஆள் அதே ஆள், பணியில் சேர்ந்த தேதி மட்டும் புதிது. நான் மூன்று நிறுவனங்களைப் பார்த்தேன். ஒன்றில் நான்கு மாதம் சம்பளமே வரவில்லை. அந்தத் தீபாவளிக்கு மாமனாரிடம் கடன் வாங்கினேன். மாமனாரோ ‘கவர்மென்ட் மாப்பிள்ளை’ என்று நம்பிப் பெண் கொடுத்தவர். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் பி.எஃப். பிடிப்பார்களா, அதற்கான யூஏஎன் எண் (நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) தருவார்களா, தாலுகா தாலுகாவாக அலைவதற்குப் பயணப்படி உண்டா என்று கேட்டு, ஆர்டரில் எழுத்தில் வாங்குங்கள். பி.எஃப். பாஸ்புக்கை மாதாமாதம் போனில் பாருங்கள், பணம் ஏறியிருக்கிறதா என்று.

நிரந்தர வேலைதான் வேண்டும் என்றால் அதற்குத் தனி வழி. 1976-இல் தொடங்கிய, மத்திய அரசின் தேசிய தகவலியல் மையத்துக்கு (என்ஐசி) ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரு கிளை இருக்கிறது. அதன் விஞ்ஞானி, தொழில்நுட்ப உதவியாளர் பதவிகளுக்கு நாடு முழுவதற்குமான தேர்வு வைப்பார்கள். டிப்ளமாவை வைத்து விண்ணப்பிக்க முடியாது, பட்டம் வேண்டும். டிப்ளமா இருப்பதால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் ‘அடுத்த வருடம், அடுத்த வருடம்’ என்று தள்ளிப்போட்டேன்.

பிரிண்டர் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது நிஜம். பேப்பர் வைப்பீர்கள். அதிகாரி மகளின் செல்போனையும் பார்த்துக் கொடுப்பீர்கள். தேர்தல் வந்தால் வாக்கு எண்ணும் மையத்தில் ராத்திரி கேபிள் இழுப்பீர்கள், சுற்று முடிவுகளைக் கணினியில் ஏற்றுவதற்காக. ஊருக்குப் போனால் சித்தப்பா ரகசியமாகக் கேட்பார், ‘உள்ள இருந்துகிட்டு ஓட்டை மாத்த முடியுமா?’ என்று. வாக்கு இயந்திரத்தில் நெட்வொர்க்கே கிடையாது என்று சொல்வீர்கள். நம்பமாட்டார்.

ஆனால் பிரிண்டரை மட்டமாக நினைக்காதீர்கள். ஓர் அலுவலகத்தில் பாதிக் கணினிகளுக்கு நெட் வரும், பாதிக்கு வராது, அதுவும் நாளுக்கு நாள் மாறும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பேப்பர் சிக்கியதை எடுக்கக் கூப்பிட்ட ஒரு கிளார்க்கின் மேஜையில்தான் விடை கிடைத்தது. வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டி வைத்திருந்தார், செல்போனுக்காக. அது பாட்டுக்கு எல்லாக் கணினிக்கும் 192.168 என்று முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்கு உரியது 10-இல் தொடங்கும் முகவரி. யார் முந்திக்கொண்டார்களோ அவர்கள் கொடுத்ததைக் கணினி வாங்கிக்கொண்டது. பிரிண்டர் சிக்கியிருக்காவிட்டால் மூன்றாம் நாளும் போயிருக்கும்.

முதல் மாதம் வேறெதுவும் செய்ய வேண்டாம். ஒவ்வோர் அலுவலகத்திலும் எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். இரண்டு முனையிலும் பெயர் ஒட்டுங்கள், தமிழில். துடைக்கிறவரும் படிக்க வேண்டும் அல்லவா? கருவிகள் தாமாகவே எழுதிவைக்கும் பதிவுகளை (லாக்) அழிக்காதீர்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி அவற்றை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் என்று தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மேஜைக்கடி சுவிட்சுகளைக் கணக்கெடுத்து, எடுக்க முடிந்ததை எடுத்துவிடுங்கள்.

நீங்களும் ‘சர்வர் டவுன்’ என்றுதான் சொல்வீர்களா என்று கேட்டிருந்தீர்கள். நானும் முதல் மூன்று நாலு வருடம் அப்படித்தான் சொன்னேன். யானைக்கு அடுத்த நாள் அந்த அலுவலக வாசலில் ஒரு கிழவர் என்னைப் பிடித்துக்கொண்டார். முந்தின நாள் மலையிலிருந்து வந்தவர். பஸ்ஸை விட்டுவிட்டு ராத்திரி அங்கேயே படுத்திருக்கிறார். ‘நேத்தே இன்னைக்கு வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊருக்குப் போயிருப்பேனே சாமி.’ எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கே எனக்குத் தெரியும். மேலதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தேன், சென்னைக்கும் சொல்லியிருந்தேன்.

அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பழுது எங்கே என்று தெரிந்ததும் அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒரு ஏ4 தாளில் பெரிதாக எழுதி வாசலில் ஒட்டச் சொல்வேன். ‘ரோட்டில் கேபிள் அறுந்துவிட்டது. இன்று வராது. நாளை மதியத்துக்கு மேல் வரவும்.’ அவ்வளவுதான். ஓர் அதிகாரி, ‘ஆபீஸ் மானத்தை வாசலில் ஒட்டுகிறாயா’ என்று கிழித்துப் போட்டார். அவருக்குப் பிறகு வந்த அம்மா அதற்கென்றே ஒரு பலகை மாட்டினார். உங்களுக்கு எந்த மாதிரி அதிகாரி வாய்ப்பார் என்பது உங்கள் அதிர்ஷ்டம். கிழித்தாலும் மறுபடி ஒட்டுங்கள், தாள் அலுவலகத்திலேயே கிடைக்கும்.

போங்கள். இரண்டு வருடம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் ஓசூரிலோ பெங்களூரிலோ கூப்பிட்டால், ஆயுதபூஜைக் கதையை இன்டர்வியூவில் சொல்லுங்கள், கேட்பவருக்கு வேலை தெரிந்திருந்தால் சிரிப்பார்.

அது சரி, அக்கா மகளுக்குக் கடைசியில் சான்றிதழ் கிடைத்ததா? அதை எழுதவே இல்லையே.