துப்பாக்கிப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கலாம்?

கேள்வி: குடியாத்தம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது. முப்பது ஆண்டுகளாக உரிமத்தோடு இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். அது இப்போது பீரோவுக்குப் பின்னால் துணி சுற்றி நிற்கிறது. தோட்டாக்கள் அதே பீரோவுக்குள். வீட்டில் என் பிள்ளைகள் இருவர், எட்டு வயதும் பதினொன்றும். இரும்புப் பெட்டி ஒன்று வாங்க நினைக்கிறேன். எப்படிப்பட்டது வாங்கினால் சட்டப்படி சரி? அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது. சாவியை நானே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம்.

உரிமம் உங்கள் அப்பாவின் பெயரில் இருக்கிறது. பழுது பார்க்கவோ உரிமத்தைப் புதுப்பிக்கவோ அவர் எழுதிக்கொடுத்த அனுமதியோடு நீங்கள் துப்பாக்கியை எடுத்துச்செல்ல ஆயுதச் சட்டம், 1959 இன் 3ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரே சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்து, அவர் நினைத்தாலும் திறக்க முடியாது என்றால் கதை வேறு. கையில் பிடித்திருப்பவன் மட்டும் உடைமையாளன் அல்ல, தெரிந்தே தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவனும் உடைமையாளன்தான் என்று உச்ச நீதிமன்றம் குன்வந்த்லால் வழக்கில் 1972இலேயே சொல்லிவிட்டது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் வைத்திருந்தேன் என்று வாதாடலாம். நீதிபதி ஏற்கவும் கூடும். அதற்குள் சத்துவாச்சாரி நீதிமன்றப் படிகளை எத்தனை முறை ஏறியிருப்பீர்கள்?

மறதி உண்மையிலேயே அந்த அளவுக்குப் போயிருந்தால், பெட்டி வாங்கித் தீர்க்கிற விஷயம் அல்ல இது. ஆயுத விதிகள், 2016 இன் 25ஆம் விதியைப் பாருங்கள். உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, ஆயுதத்தை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் குறிப்பிடும் வாரிசுக்கு உரிமம் வழங்கலாம். உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே பொருந்துகிறது. அவர் சம்மதித்தால் வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். காவல் துறை விசாரணை, பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு; நாளாகும். அதுவரை துப்பாக்கியை உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் ஒப்படைத்து, அப்பாவின் பெயரில் ரசீது வாங்கிவிடுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரமே செய்வேன்.

மறதி லேசானதுதான், அவரே வைத்திருக்கட்டும் என்றால் பெட்டிக்கு வருவோம். தகடு இத்தனை மில்லிமீட்டர், எடை இத்தனை கிலோ என்று விதியில் தேடாதீர்கள். பிறர் கைக்கு, முக்கியமாகப் பிள்ளைகள் கைக்கு, எட்டாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. உரிம நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. அலட்சியத்தால் உயிர் போனால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவும் வந்து சேரும்.

கடைக்குப் போகும்முன் துப்பாக்கியை அளந்துகொள்ளுங்கள். முழு நீளத்தில் ஏறக்குறைய நான்கடி வரும். குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக, கட்டை தனியாக வந்துவிடும். அப்படிப் பிரித்து வைத்தால் மூன்றடிப் பெட்டி போதும். பிரித்த துப்பாக்கி பாதி பூட்டிய துப்பாக்கி. பெட்டியை உள்ளிருந்து போல்ட் போட்டுச் சுவரில் இறுக்குங்கள்; ஹாலோ பிளாக் சுவர் என்றால் தரையில் இறுக்குங்கள். இறுக்காத பெட்டியைத் திருடன் அப்படியே தூக்கிப்போவான். தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு. சுற்றியிருக்கும் துணியை எடுத்துவிடுங்கள். ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும்.

எண் பூட்டு வாங்கினால் பேரன் பிறந்த நாளை எண்ணாக வைக்க வேண்டாம். சாவிப் பூட்டு என்றால் இரண்டாவது சாவி நம் வீடுகளில் எங்கே போகும்? சாமி படத்துக்குப் பின்னால், இல்லாவிட்டால் அரிசிப் பானைக்குள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? அப்பாவின் பெயரில் உள்ள வங்கி லாக்கரில் வையுங்கள். முதல் சாவி அவர் இடுப்பு அரைஞாணில் இருக்கட்டும்.

இன்னொன்று. உரிமம் எந்தத் தேதி வரை செல்லும் என்று நீங்கள் எழுதவில்லை. பெட்டிக்கு முன்பணம் கொடுக்கும்முன் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.