பளிச் பளிச்சென்று மின்னும் விளம்பரங்களை எப்படித் தடுப்பது? வெளிச்சம் என் கண்ணுக்கு ஒத்துக்கொள்வதில்லை

எனக்கும் இதே தொல்லைதான். ஒற்றைத் தலைவலி உண்டு. வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தால் கண்ணுக்குப் பின்னால் குத்த ஆரம்பித்துவிடும். ஒருமுறை ஒரு செய்தித் தளத்தில் நீண்ட கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். வலது ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டை மாறி மாறி மின்னியது. இந்தப் பத்தி முடியட்டும் என்று பொறுத்தேன். அன்று மாலை முழுக்க இருட்டறையில் கிடந்தேன். அந்தத் தளத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, விளம்பரத்தைப் பார்க்காமல் கட்டுரையை மட்டும் படிக்கச் சொன்னார்கள்.

உங்களிடமும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். அது நடக்காத காரியம். எழுத்தைப் படிப்பது கண்ணின் நடுப்பார்வை. அசைவையும் மினுக்கத்தையும் பிடிப்பதில் ஓரப்பார்வைதான் கெட்டி. ஓரத்தில் மின்னுவது கண்ணை இழுப்பது அதனால்தான். நீங்கள் மனதை அடக்கிப் பயனில்லை. கண்ணுக்கு வந்து சேருமுன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.

விண்டோஸ் 11-இல் அக்சசிபிலிட்டி பகுதிக்குள் விஷுவல் எஃபெக்ட்ஸ் என்ற இடத்தில் அனிமேஷனை அணைக்கலாம். மேக்கிலும் போனிலும் 'ரெட்யூஸ் மோஷன்' போன்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. அணைத்து வையுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். 'இவருக்கு அசைவு வேண்டாம்' என்று பிரவுசர் வழியாகத் தளத்துக்குத் தெரிவிப்பதோடு அதன் வேலை முடிந்தது. கேட்பதும் கேட்காததும் தளத்தின் இஷ்டம். விளம்பரங்களில் பெரும்பாலானவை கேட்பதில்லை என்பது என் அனுபவம்.

நான் நம்பியிருப்பது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும், அதோடு சேர்த்துக்கொள்ளும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனும் (பிரவுசருக்கான துணை நிரல்). விளம்பரம் வரும் சர்வருக்குப் போகும் கோரிக்கையையே அது வெட்டிவிடுகிறது. படம் இறங்கினால்தானே மின்னும்? பணம் கேட்காது. போட்டவுடனே முக்கால்வாசித் தொல்லை போய்விடும். அதன் செட்டிங்ஸில், 50 கேபிக்கு மேற்பட்ட மீடியாவைத் தடுக்கும் ஒரு வசதியும் இருக்கிறது. பெரிய படங்கள் எல்லாமே நின்றுவிடும், வேண்டியதை மட்டும் கிளிக் செய்து பார்த்துக்கொள்ளலாம். மோசமான தளங்களுக்கு நான் அதைப் போட்டு வைத்திருக்கிறேன். குரோமில் இப்போது இதன் சுருக்க வடிவமான யூபிளாக் ஆரிஜின் லைட் மட்டும்தான் ஓடும். ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். முடிந்தால் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறிவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனிலும் அதில் முழு யூபிளாக் ஓடும்.

அதையும் தாண்டி வருவது ஜிஃப் எனப்படும் அசையும் படங்கள். ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' (about:config) என்று ஆங்கிலத்தில் அடித்து, எச்சரிக்கையை ஒப்புக்கொண்டு, 'இமேஜ்.அனிமேஷன்_மோட்' (image.animation_mode) என்று தேடுங்கள். அதில் 'நார்மல்' என்று இருப்பதை 'நன்' (none) என்று மாற்றினால் எந்த ஜிஃபும் அதன் முதல் படத்தோடு நின்றுவிடும். 'ஒன்ஸ்' என்றும் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். நமக்கு அது வேண்டாம். ஒரு சுற்று மின்னினாலே போதும், தலைவலி வந்துவிடும். அப்புறம் சத்தமில்லாமல் தானாக ஓடும் வீடியோ. ஃபயர்ஃபாக்ஸ் வழக்கமாகச் சத்தத்தோடு ஓடுவதை மட்டும்தான் தடுக்கும். ஆட்டோபிளே செட்டிங்கில் ஆடியோ, வீடியோ இரண்டையும் தடுக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நிரலாலேயே ஆடவைக்கும் பட்டைகள் சில மிஞ்சும். யூபிளாக்கில் இருக்கும் மின்னல் குறியை அழுத்தி அந்தப் பட்டையைத் தொட்டால் அப்போதைக்கு மறையும். பக்கத்திலுள்ள சொட்டுக்குழாய்க் குறியால் நிரந்தரமாக நீக்கலாம். கட்டுரை மட்டும் போதுமென்றால், மற்றதை நீக்கிக் கட்டுரையை மட்டும் காட்டும் ஃபயர்ஃபாக்ஸின் ரீடர் வியூவுக்குப் போய்விடுங்கள்.

விளம்பரத்தைத் தடுத்தால் தளத்தின் வருமானம் போகுமே என்ற உறுத்தல் எனக்கும் இருந்தது. அசையாத விளம்பரமாக இருந்தால் நான் தடுக்கவே மாட்டேன். ஆனால் இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மின்னின. அதைப் பார்த்த அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் குழந்தைகளை, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி விதிகளும் எதுவும் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக்கூடாது என்கின்றன. அடர்சிவப்பு மின்னலை அவை தனியாகவே குறிப்பிடுகின்றன. விளம்பரத் துறையினரே சேர்ந்து அமைத்த 'கோயலிஷன் ஃபார் பெட்டர் ஆட்ஸ்' என்ற கூட்டமைப்பு, மின்னும் விளம்பரத்தைப் போனுக்கு ஆகாதவை பட்டியலில் வைத்திருக்கிறது. 2018 பிப்ரவரி முதல், அந்தத் தர விதிகளைத் திரும்பத் திரும்ப மீறும் தளங்களில் குரோம் விளம்பரங்களைத் தடுத்து வருகிறது. கணினிக்கான பட்டியலில் மட்டும் மின்னும் விளம்பரம் இல்லை. பெரிய திரைக்கு முன் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களை ஏன் விட்டுவிட்டார்கள் என்று எனக்கு இன்னமும் ஆத்திரம்தான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மின்னலைப் பார்க்கும்போது கை கால் வெட்டி இழுத்தாலோ, சில நொடி நினைவு தப்பினாலோ, அது வெறும் கண்கூச்சமாக இருக்காது. வலிப்பு வகையாக இருக்கலாம். செட்டிங்ஸைத் தேடுவதற்கு முன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

வேறொருவர் கணினியில் திடீரென்று மின்ன ஆரம்பித்தால் கண்களை இறுக மூடுவது போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் இறங்கும். உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுசாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். திரையைப் பார்க்காமலே கன்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினால் டேப் மூடிவிடும்.